ஆகாயத்தில் ஓரங்கட்ட இடமில்லை

மோட்டார் சைக்கிள் பாதி வழியில் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சாலையோரம் தள்ளிச் சென்று நிறுத்திவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கிறோம். ஆகாயத்தில் எஞ்சின் நின்றால்? அங்கே ஓரம் ஏது?

வாசகர்களே! அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இவர்களுக்கென 1953-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சங்கமே தோன்றியது. புதிய விமான எஞ்சின் விலை மிக அதிகம். ஆகவே சிலர் பழைய மஸ்டா காரின் சுழல் எஞ்சினை எடுத்து விமானத்தில் பூட்டுகிறார்கள்.

ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெலின் சிந்தனையில் உருவான இந்த வகை எஞ்சின் 1957-இல் முதன்முதலாக ஓடியது. இதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவச் சுழலிதான் கூட்டுக்குள் சுற்றுகிறது. உதிரிப் பாகங்கள் குறைவு. மஸ்டாவின் 13-பி எஞ்சினில் இரண்டு சுழலிகள். கொள்ளளவு 1308 சி.சி.

இதற்குப் பெட்ரோலை எப்படி ஊட்டுவது? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது அவ்விடம் குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனிக்கட்டி படிந்து எஞ்சினின் மூச்சை அடைக்கும். வெயில் நாளில்கூட இது நேரலாம். அதனால் பலர் இன்ஜெக்டரை நாடுகிறார்கள். பம்பு அழுத்தித் தரும் பெட்ரோலை, கம்ப்யூட்டர் கணக்கிட்ட அளவில் அது தெளிக்கும். எஞ்சினின் தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சுழலிக்கும் விநாடிக்கு 100 வேளைப் பெட்ரோல் வேண்டும்!

ஆனால் பம்பு, கம்ப்யூட்டர், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் உயிர் மின்சாரம். அது போனால் எஞ்சினும் போயிற்று. ஆகவே விவரமறிந்தவர்கள் இரண்டு பம்பு, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பேட்டரி வைக்கிறார்கள். இங்கேதான் கவனம் தேவை. இரண்டு பம்புக்கும் ஒரே ஒயர், ஒரே பியூஸ் என்றால் அவை இரண்டல்ல, ஒன்றுதான்.

பம்பின் இடமும் முக்கியம். தொட்டிக்கு அருகில், தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் வைத்து உறிஞ்சினால், சூடான பெட்ரோல் குழாயிலேயே ஆவிக் குமிழாகி வழியை மறிக்கும். சுழல் எஞ்சினின் புகைபோக்கி கடுமையாகச் சுடும். பெட்ரோல் குழாய் அதனருகே போகக்கூடாது. இன்ஜெக்டர் தெளித்ததுபோக மிஞ்சும் பெட்ரோல், எடுத்த தொட்டிக்கே திரும்ப வேண்டும். நிரம்பிய வேறு தொட்டிக்குப் போனால் வெளியே வழிந்து வீணாகும்.

எல்லாம் பூட்டியானதும் விமானத்தைத் தரையில் கட்டிவைத்து, எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு பம்பை அணைக்கிறார்கள். பிறகு ஒரு கம்ப்யூட்டரை அணைக்கிறார்கள். எஞ்சின் தடுமாறாமல் ஓடினால்தான் பறக்கும் பேச்சு. அதன் பின்னும், இத்தகைய கார் எஞ்சின் என்றால் வழக்கமாக 40 மணி நேரம் பயணி எவருமின்றிப் பறந்து சோதிக்க வேண்டும்.

“இது பழுதானால் அடுத்தது என்ன?” என்று ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துக் கேட்டு, விடை கிடைத்த பிறகுதான் மனைவி மக்களை ஏற்றுகிறார் அந்த மனிதர். கைவேலை தெரிந்த இளைஞர்களே, எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் இந்தக் கேள்வியை மறவாதீர்கள்!