பத்து இலக்கக் கணக்கு

இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் செங்கல்பட்டு. நான் மாணவனாக இருந்தபோது சென்னையின் எஸ்.டி.டி. குறியீடு 044, செங்கல்பட்டுக்கு 04114. இன்று இரண்டுக்கும் 044தான். ஊர் நகரவில்லை, எண் மட்டும் எப்படி மாறியது?

மாணவ நண்பர்களே, தொலைபேசி இணைப்பகத்துக்கு ஊர்ப் பெயர் தெரியாது. நாம் அழுத்தும் இலக்கங்களை வரிசையாகப் படிப்பதே அதன் வேலை. முதலில் 0 வந்தால் வெளியூர் அழைப்பு என்று பொருள். அடுத்து 44 வந்தால் சென்னை. 422 வந்தால் கோவை. 4542 வந்தால் கொடைக்கானல். 44 சென்னைக்குரியது ஆனபின் 441 என்றோ 4423 என்றோ வேறு ஊருக்குக் குறியீடு தரமுடியாது. ஏன்? 44 வந்தவுடனேயே அழைப்பு சென்னைக்குத் திரும்பிவிடும் அல்லவா? ஓர் இரண்டிலக்கக் குறியீட்டைக் கொடுத்தால் நூறு நான்கிலக்கக் குறியீடுகளை இழக்கிறோம். அதனால்தான் தில்லி (11), மும்பை (22), கொல்கத்தா (33) போன்ற ஒரு சில பெருநகரங்களுக்கே அவை கிடைத்தன.

இழப்புக்கு ஈடு உண்டு. தொடக்கத்து 0 நீங்கலாக, குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம் என்பது 2003-ஆம் ஆண்டுத் தேசிய எண் திட்டத்தின் விதி. கொடைக்கானலுக்கு 4+6, கோவைக்கு 3+7, சென்னைக்கு 2+8. உள்ளூர் எண்கள் 0, 1 இரண்டிலும் தொடங்குவதில்லை. எனவே ஆறு இலக்கத்தில் 8 லட்சம் எண்கள். எட்டு இலக்கத்திலோ 8 கோடி! செங்கல்பட்டு 044-க்குள் வந்தபோது அங்கே 27 என்று தொடங்கும் எட்டிலக்க எண்கள் வந்தன. மொத்தம் அதே பத்துதான்.

கணக்கு எளிது, மாற்றுவதுதான் கடினம். எல்லா இணைப்பகங்களுக்கும் புதிய விதியைக் கற்பிக்க வேண்டும். மக்களுக்கும் சொல்ல வேண்டும். சென்னையின் ஏழிலக்க எண்களுக்கு முன்னால் 2 சேர்த்த புதிதில், ஓரிரவு என் பாட்டிக்கு மூச்சுத் திணறியது. மருந்துச் சீட்டில் இருந்ததோ டாக்டரின் பழைய எண். பதற்றத்தோடு அதையே அழுத்தினேன். "முன்னால் 2 சேர்த்து அழையுங்கள்" என்றது பதிவு செய்த குரல். அந்தக் குரல் இல்லாதிருந்தால்? எண் மாற்றத் திட்டத்தில் அறிவிப்பும் ஒரு பாதி என்று அன்று புரிந்தது.

2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் 0 சேர்க்கிறோம். உள்ளூர் எண்ணும் செல்போன் எண்ணும் ஒரே இலக்கத்தில் தொடங்கினாலும், அந்த 0 அவற்றைப் பிரித்துவிடும். செல்போன் எண்ணை நீட்டாமலே சுமார் 254 கோடி எண்களுக்கு இதனால் இடம் கிடைத்தது.

வீட்டில் பழைய டெலிபோன் டைரி இருக்கிறதா? அதிலுள்ள குறியீட்டையும் எண்ணையும் சேர்த்து இலக்கங்களை எண்ணுங்கள். முதல் 0-ஐ விட்டுவிடுங்கள். பத்து வராவிட்டால், பின்னர் எந்த இலக்கம் எங்கே சேர்ந்தது என்று பெரியவர்களைக் கேட்டுக் கண்டுபிடியுங்கள்!