சம்பளம் தந்தால்தான் ஆட்டம்

ஜொகூர் மாநிலத்துப் பாலோவின் திடல்களில் மாலைதோறும் பந்தை உதைத்து விளையாடும் நம் இளைஞர்களுள் ஒருவர், நாளை ஒரு காற்பந்துச் சங்கத்தில் ஒப்பந்தமாகி, மாதம் முடிந்தும் சம்பளம் கைக்கு வராமல் தவித்தால், அவருக்குத் துணைநிற்க விதி ஏதேனும் உண்டா என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா?

உண்டு. ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் தவணை கடந்த சம்பளப் பாக்கியைத் தீர்க்காத சங்கம், போட்டியில் கலந்துகொள்ளும் உரிமத்தையே இழக்க நேரிடும் என்பது ஆசியக் காற்பந்து உரிம விதிகளுள் பிரதானமான ஒன்றாகும். நம் அண்டை மாநிலத்தின் மலாக்கா யுனைடெட்டும், கடலுக்கு அப்பாலுள்ள சரவாக் யுனைடெட்டும், சம்பள நிலுவையின் காரணமாகவே, 2023-ஆம் ஆண்டின் மலேசிய சூப்பர் லீக்கில் ஆடும் வாய்ப்பை இழந்தன.

இப்படி ஒரு சங்கம் முடங்கும்போது, புகழ்பெற்ற ஆட்டக்காரரை வேறொரு சங்கம் அழைத்துக்கொள்ளும். கீழ்நிலை லீக்கில் ஆடுபவருக்கோ அந்தச் சம்பளமே வீட்டு வாடகை, அதுவே பிள்ளைகளின் பள்ளிச் செலவு. ஆகவே, பெரிய பெயர்களை விலைபேசும் ஆசையை அடக்கி, விரலுக்குத் தகுந்த வீக்கத்தோடு வரவறிந்து செலவிடும் சங்கமே, தன்னை நம்பிவந்த குடும்பங்களுக்கு நியாயம் செய்கிறது. அதுவே நெடுநாள் நிலைத்தும் நிற்கிறது.