தாடை ஆபரேஷனா? வீட்டில் குறடு இருக்கட்டும்!

பல் கோணல் என்றால் கம்பி போட்டு நேராக்கலாம். தாடையே முன்னே நீண்டோ, பின்னே ஒடுங்கியோ இருந்தால்? சோறு மெல்வது கஷ்டம். பேச்சும் குழறலாம். அதற்குத்தான் தாடை ஆபரேஷன்.

முகத்தில் வடு விழுமோ என்று பெற்றோர் அஞ்சுவார்கள். பெரும்பாலும் வாய்க்கு உள்ளேயே கீறி, எலும்பை அறுத்து நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்து முடுக்குகிறார்கள். கீழ்த்தாடை எலும்பை நீளவாக்கில் பிளக்கும் முறையை 1957-ல் டாக்டர் ஹ்யூகோ ஒப்வெகெசர் விளக்கி எழுதினார்.

அவசரம் கூடாது

தாடை வளர்ந்து முடிந்த பிறகே ஆபரேஷன். அதற்கு முன் ஓராண்டோ, அதற்கு மேலுமோ பல்லுக்குக் கம்பி போட வேண்டியிருக்கும். புகை பிடிப்பவர்கள் நிறுத்திவிட வேண்டும். புகை புண்ணை ஆறவிடாது.

வீட்டுக்கு வந்ததும்

முதல் இரண்டு மூன்று நாள் முகம் நன்றாக வீங்கும். கண்ணாடியைப் பார்த்து அழவேண்டாம்; மெல்ல வடியும். தலையை உயர்த்தியே படுக்க வேண்டும்.

கீழ் உதடு மரத்திருக்கும். சூடு தெரியாது. ஆகவே கஞ்சியை ஆற்றி, வடிகட்டி, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே கொடுங்கள். பால், மோர், பருப்புத் தண்ணீர் அடிக்கடி கொடுக்கலாம். பல் துலக்கக் குழந்தைகள் பிரஷ் போதும்.

இதை மறக்காதீர்கள்!

சிலருக்கு மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கம்பியால் பூட்டி அனுப்புவார்கள். ரப்பர் வளையம் என்றால் கத்தரி, கம்பி என்றால் குறடு படுக்கை அருகிலேயே இருக்க வேண்டும். மூச்சுத் திணறினால் எதை வெட்டுவது? வீட்டில் இருவராவது டாக்டரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எலும்பு கூட ஏறக்குறைய 6 வாரம் ஆகும். பிறகு டாக்டர் சரி என்று சொன்னதும் முறுக்கு சுடலாம்!