பெட்டி படுக்கையை எங்கே வைப்பது?

மும்பையில் படிக்க வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்த கையோடு இன்னொரு கவலை தொடங்கிவிடுகிறது. பல விடுதிகளில் கோடை விடுமுறைக்கு அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். மெத்தை, வாளி, மேசை விசிறி, புத்தக மூட்டை, சைக்கிள் ஆகியவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதற்கு நெடுங்காலமாக ஒரே விடைதான்: தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ இருக்கும் மாமா வீடு. அந்த வீடோ ஒற்றை அறை. அதற்குள்தான் சமையல், படுக்கை, குழந்தைகளின் படிப்பு எல்லாம். பரண் முன்பே நிரம்பியிருக்கும். "இரண்டு மாதந்தானே மாமா" என்று மருமகன் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனம் வராது. சரி என்று சொல்ல இடம் இராது. பெட்டி ஒன்று தொலைந்தாலோ நனைந்தாலோ ஊரில் இரு குடும்பங்களுக்கிடையே பேச்சு வார்த்தையே நின்றுவிடுவதும் உண்டு.

இப்போது இதற்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அதுதான் வாடகைக் கிடங்கு. ஆங்கிலப் பெயரிலேயே 'செல்ப் ஸ்டோரேஜ்' என்கிறார்கள்.

அமெரிக்காவில் பிறந்த தொழில்

அமெரிக்காவில் 1960-களில் தொடங்கிய தொழில் இது. வரிசையாகச் சிறு அறைகள் கட்டி, மாத வாடகைக்கு விடுவார்கள். பூட்டும் சாவியும் வாடகைக்காரரிடமே இருக்கும். கலிபோர்னியாவில் 1972-இல் தொடங்கிய 'பப்ளிக் ஸ்டோரேஜ்' இன்று இத்துறையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அங்கெல்லாம் கோடை விடுமுறை மாணவர்கள் இவற்றின் முக்கியமான வாடிக்கையாளர்கள்.

நம் நாட்டில் மும்பை, பெங்களூர், டில்லி போன்ற நகரங்களில் இத்தொழில் பிறகுதான் பரவியது. 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கைப்பையோடு ஊர் திரும்பிய மாணவர்கள் பலரின் உடைமைகள் மாதக்கணக்கில் பூட்டிய அறைகளிலேயே கிடந்தன. பொருளுக்கு ஓர் இடம் எவ்வளவு அவசியம் என்பதை அந்த ஆண்டு பலருக்கும் உணர்த்தியது.

இருவகைக் கிடங்குகள்

முதல் வகையில் ஒரு சிறு அறையோ அலமாரியோ உங்களுக்கென்று ஒதுக்கப்படும். பூட்டு உங்களுடையது. இரண்டாவது வகையில் நிறுவனத்தாரே வண்டி கொண்டுவந்து பொருள்களைக் கட்டி எடுத்துச் சென்று, தங்கள் குடோனில் அடுக்கி வைப்பார்கள். கேட்கும்போது திருப்பித் தருவார்கள்.

இந்த வேறுபாடு முக்கியமானது. பொருளை ஒருவர் கையில் ஒப்படைத்தால், தம் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகி எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டியது அவர் கடமை என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். பூட்டும் சாவியும் உங்களிடமே இருந்தால், "நாங்கள் இடத்தைத்தான் வாடகைக்கு விட்டோம், பொருளை வாங்கிக்கொள்ளவில்லை" என்று நிறுவனம் வாதாட இடம் உண்டு. ஆகவே எந்த வகை என்பதைக் கையெழுத்திடுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாணவருக்கு 18 வயது நிரம்பாவிட்டால் அவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. தந்தையோ தாயோ தான் கையெழுத்திட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மாத வாடகை 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 2,400. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 432. ஏற்றவும் திரும்ப இறக்கவும் வண்டிச் செலவு 1,500. ஆக 4,332 ரூபாய். உள்ளே இருப்பது பழைய மெத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் என்றால் அவற்றை ஜூனியர் மாணவருக்கு விற்றுவிடுவதே லாபம். கணிப்பொறி, சைக்கிள், விலையுயர்ந்த பாடப் புத்தகங்கள் என்றால் வாடகை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் செலவு குறையும். ஆனால் ரசீது யார் பெயரில், சாவி யாரிடம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரயிலில் ஊருக்கே கொண்டுபோவதையும் மறந்துவிட வேண்டாம். படுக்கை வசதி வகுப்பில் ஒரு பயணி 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். நிலையத்து கிளோக் ரூம் சில மணி நேரத்துக்கும் சில நாள்களுக்கும்தான் உதவும்; இரண்டு மாதத்துக்கு ஆகாது.

மழையை மறக்காதீர்கள்

மும்பையில் விடுமுறை முடியுமுன்பே மழைக்காலம் வந்துவிடும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்து வீடுகளில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றதை அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிடங்கு தரைத்தளத்திலா, மேல்தளத்திலா என்று முதலில் கேளுங்கள். தரைத்தளம் என்றால் பெட்டிகள் பலகைமீது வைக்கப்படுகின்றனவா என்று நேரில் பாருங்கள்.

மெத்தையை நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் சுற்றினால் பூஞ்சை பிடித்துவிடும். சிறு பிரிஜ் இருந்தால் துடைத்து உலர்த்திக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். அரிசி, பருப்பு, ஊறுகாய் எதையும் விட்டுச் செல்லாதீர்கள். அவை எலியையும் கரப்பானையும் அழைக்கும். கியாஸ் சிலிண்டர், பெட்ரோல் போன்ற தீப்பற்றும் பொருள்களை வைக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை எந்தக் கிடங்கிலும் வைக்க வேண்டாம். மெத்தை போனால் வேறு வாங்கலாம். சான்றிதழ் போனால் ஒரு வேலையே போகலாம். அவை கைப்பையில் உங்களோடு ஊருக்கு வரட்டும்.

கையெழுத்திடுமுன்

பொருள்களைப் பட்டியலிட்டு, மதிப்பையும் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுமுன் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். சேதமானால் எவ்வளவு தருவார்கள், வாடகை தவறினால் பொருளை விற்றுவிட உரிமை கோருகிறார்களா, முன்பணம் எப்போது திரும்பும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மும்பைக் கிடங்கின்மீது திருநெல்வேலியில் வழக்குப் போட முடியும். ரசீதும் பட்டியலும் கையில் இருந்தால்தான் அந்த உரிமை பயன்படும்.

மருமகனுக்கு இந்த விவரங்களைச் சொல்லிக் கொடுப்பதும் ஓர் உதவியே. அவன் பெட்டி கிடங்கில் இருக்கட்டும். அவனுக்கு மட்டும் மாமா வீட்டில் எப்போதும் ஒரு பாயும் ஒரு வாய்ச் சோறும் இருக்கும்.