வீக்கம் சில்லிட்டால் குணம் ஆனதாக நினைக்காதீர்கள்!

கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கம் வயலில் தண்ணீர் ஏறி வடியும்போது, மண்ணுக்குள் கிடந்த சப்பை நோய்க் கிருமியின் வித்துகள் மேலே வரும். மேயும் கன்றுகளின் வயிற்றுக்குள் புல்லோடு அவையும் போகும். நோய் கண்டால் கன்று ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடக்கூடும்.

இந்த நோய் தாக்குவது மாட்டின் எலும்புத் தசையை. நாம் 'சதை' என்று சொல்வது அதைத்தான். உடலில் மூன்று வகைத் தசைகள் உண்டு. குடலில் இருப்பது மென்தசை. இதயத்தில் இருப்பது இதயத்தசை. நடக்கவும் ஏர் இழுக்கவும் உதவுவது எலும்புத்தசை. நூல் போன்ற தசையிழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, முனையில் தசைநாணாகி எலும்பைப் பிடித்திருக்கும். நுண்ணோக்கியில் குறுக்குவரிகள் தெரிவதால் 'வரித்தசை' என்றும் பெயர்.

இதற்கு நான்கு குணங்கள். நரம்பு தூண்டினால் உணரும், உணர்ந்ததும் சுருங்கும், இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு மீளும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் காலை மடக்க ஒரு தசை, நீட்ட அதற்கு எதிர்த்தசை என்று ஜோடியாக இருக்கின்றன.

சப்பை நோய்க் கிருமிக்குக் காற்று ஆகாது. உள்ளே போன வித்துகள் தசையில் சும்மா கிடக்கும். அடிபட்டு, கன்றிப்போய், ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் முளைத்து நஞ்சையும் வாயுவையும் உண்டாக்கும். சதைப்பற்றுள்ள தொடை, சப்பை, தோள் ஆகிய இடங்களில் வீக்கம் வரும். கடும் காய்ச்சல் இருக்கும், கன்று நொண்டும். வீக்கத்தை அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, கொழுகொழுவென்று வளரும் கன்றுகளையே இது அதிகம் தாக்கும்.

'முதலில் சூடாக, வலியோடு இருந்த வீக்கம் இப்போது சில்லிட்டுவிட்டது. வலியும் இல்லை. குணமாகிவிட்டதா?'

இல்லை. ரத்தம் ஓடாததால் சூடு போய்விட்டது. உணர்வு செத்ததால் வலி போய்விட்டது. அந்த இடத்துத் தசை இறந்துவிட்டது என்று பொருள். சூடும் வலியும் இருக்கும்போதே மருத்துவரை அழைக்க வேண்டும். தொடக்கத்திலேயே பென்சிலின் போட்டால்தான் பிழைக்க வாய்ப்புண்டு.

செய்ய வேண்டியவை

* ஆறு மாதம் ஆன கன்றுக்கு, மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். ஆண்டுதோறும் மறுபடி போடுங்கள்.
* நொண்டும் கன்றுக்குச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கலாம்.
* இறந்த கன்றை அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்; அடுத்த கன்றும் அதே மண்ணில்தான் மேயப்போகிறது.