நின்றால் இறுகும், கலக்கினால் இளகும்: ஏன்?

இலங்கையின் நாத்தாண்டியாவில் கிடைக்கும் சிலிக்கா மணலை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கினால், சற்று நேரத்தில் அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். சிலிக்கா தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தியானது. கொழும்பை அடுத்த பொரலஸ்கமுவையில் கிடைக்கும் கயோலின் களியைச் சேர்த்தால் கதை மாறும்.

எப்படி? களித்துகள்கள் மெல்லிய தகடுகள். தகட்டின் முகத்தில் மறையேற்றம். அமிலச் சார்பான நீரில் விளிம்பில் நேரேற்றம். விளிம்பு முகத்தைப் பற்ற, சீட்டுக்கட்டு வீடுபோல ஒரு கூடு எழும்பிச் சிலிக்கா மணிகளைத் தாங்குகிறது. கலக்கும்போது கூடு குலைந்து குழம்பு இளகும். அசையாமல் வைத்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். பீங்கான் தொழிலில் எனக்கு மிக அழகாகப் படுவது இந்த இடம்தான்.

இந்தக் குழம்பில் சோடியம் சிலிக்கேற்றைச் சிறிதளவு விட்டால் விளிம்பும் மறையேற்றம் பெறும். தகடுகள் ஒன்றையொன்று தள்ள, குறைந்த தண்ணீரிலேயே குழம்பு ஓடும். அளவு மிஞ்சினால் திரும்பவும் தடிக்கும். ஆகவே துளித்துளியாக விடுங்கள். தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். தண்ணீர் கூடினால் குழம்பில் செய்த பாத்திரம் காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும்.