லில்லி மார்ட்டின் ஸ்பென்சர்

லில்லி மார்ட்டின் ஸ்பென்சர் (நவம்பர் 26, 1822 – மே 22, 1902) அமெரிக்கப் பெண் ஓவியர். சமையலறை, குழந்தைகள், சந்தைக்கூடை முதலிய இல்லறக் காட்சிகளை நகைச்சுவையோடு தீட்டியவர். 1850-களில் இவருடைய படங்களின் அச்சுப்படிகள் பல அமெரிக்க வீடுகளை அலங்கரித்தன. ஆனால் இவரது வீட்டிலோ பணத் தட்டுப்பாடு தீரவேயில்லை.

இளமை

இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தார். இயற்பெயர் ஆஞ்சலிக் மேரி மார்ட்டின். குடும்பம் 1830-இல் நியூயார்க்கிலும், பின்னர் ஒகையோ மாநிலத்தின் மாரியெட்டாவிலும் குடியேறியது. பெற்றோர் சமூகச் சீர்திருத்தத்தில் ஈடுபாடு கொண்டவர்கள். வீட்டுச் சுவர்களில் கரியால் குடும்பத்தினரை வரைந்த மகளுக்கு ஊக்கமளித்தனர். 1841-இல் மாரியெட்டாவில் முதல் கண்காட்சி நடந்தது. அவ்வாண்டே தந்தையுடன் சின்சினாட்டி சென்றார். அங்கு நிக்கோலஸ் லாங்வொர்த் என்ற செல்வந்தர் உயர்பயிற்சிக்கு உதவ முன்வந்தும் ஏற்கவில்லை.

குடும்பமும் தொழிலும்

1844-இல் பெஞ்சமின் ரஷ் ஸ்பென்சரை மணந்தார். பிறந்த 13 குழந்தைகளில் வளர்ந்து ஆளானவர்கள் ஏழு பேர். கணவருக்கு நிலையான வேலை அமையவில்லை; அவர் வீட்டு வேலைகளையும் மனைவியின் ஓவியத் தொழில் சார்ந்த பணிகளையும் கவனித்துக்கொண்டார். மனைவியின் தூரிகையே குடும்பத்திற்குச் சோறு போட்டது. அக்காலத்தில் இது மிக அரிது.

1848-இல் குடும்பம் நியூயார்க் சென்றது. போட்டி மிகுந்த அந்நகரில் தம் பயிற்சிக் குறையை உணர்ந்து, நேஷனல் அகாதமியின் மாலைநேர வகுப்புகளில் சேர்ந்தார். வாங்குவோர் விரும்பியது இல்லறக் காட்சிகளையே. வெங்காயம் உரிக்கும் பெண்ணின் கன்னத்தில் வழியும் கண்ணீர் ஓர் ஓவியம். 1854-இல் வரைந்த ‘இளம் கணவன்: முதல் சந்தை’யில், மழையில் ஒருவன் கூடையிலிருந்து சரியும் பொருள்களோடு தடுமாறுகிறான், வழிப்போக்கர் சிரிக்கிறார். கணவரே கடைக்குச் சென்ற வீட்டில் பிறந்த ஓவியம் என்பதை மறந்து இதனைப் பார்க்க இயலாது. இது இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மூல ஓவியம் ஒருமுறைதான் விலைபோகும். அச்சுப்படிகள் ஆயிரக்கணக்கில் விற்றாலும் ஆதாயத்தில் பெரும்பகுதி பதிப்பாளர்களுக்கே சென்றது.

பிற்காலம்

செலவைக் குறைக்க 1858-இல் நியூவர்க் நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1866-இல் வரைந்த ‘வீட்டில் போர் உணர்வு’ உள்நாட்டுப் போரைக் காட்டும் விதம் தனித்தது. விக்ஸ்பர்க் வெற்றிச் செய்தியை, மடியில் கைக்குழந்தையுடன் தாய் நாளிதழில் படிக்கிறாள். மற்ற குழந்தைகள் படைவீரர்போல் அணிவகுக்கின்றனர். போர்க்களமே படத்தில் இல்லை.

போருக்குப் பின் மக்களின் ரசனை மாறியது. 1869-இல் முடித்த ‘பொய்மையின் திரைவிலக்கும் உண்மை’ என்ற பெரிய உருவக ஓவியத்தின் மீது இவர் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தார். அது இன்று கிடைக்கவில்லை. 1890-இல் கணவர் இறந்த பின்னும் வரைவதை விடவில்லை. 79-ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார். 1973-இல் வாஷிங்டனில் இவரது ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடைபெற்றது.